வார்டு தேர்தலில் கோடிக்கணக்கு: யார் பணத்தை யார் தருவதாகச் சொல்கிறார்கள்?

வரிகட்டி:

தமிழ்நாட்டில் 2022-ல் நகராட்சி, மாநகராட்சிகளுக்கு வந்த கவுன்சிலர்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சோடு முடிகிறது. 27 மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-லேயே முடிந்து, நிர்வாகம் அரசு நியமித்த தனி அலுவலர்கள் கைக்குப் போனது. அடுத்த நோட்டீஸ்கள் அச்சுக்குப் போவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைப் பேசிவிடலாம் என்றுதான் இந்த இழை.

போன தேர்தல் நோட்டீஸ்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். எங்கள் வார்டில் நின்ற இரண்டு பெரிய கட்சி வேட்பாளர்களும் ஏறக்குறைய ஒரே பட்டியலைத்தான் தந்திருக்கிறார்கள். பாதாளச் சாக்கடை, தினமும் குடிநீர், எல்லாத் தெருவுக்கும் சிமெண்ட் சாலை, பூங்கா, அப்புறம் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். இதில் கவுன்சிலர் தன் கையால் தரக்கூடியது எது? தெருவிளக்கு பல்பு மாற்றித் தருவேன் என்று யாரும் எழுதவில்லை, அது ஒன்றுதான் நிச்சயமாக அவர்களால் முடிந்த காரியம்.

ஆயிரம் ரூபாய் விவகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது 2021 சட்டமன்றத் தேர்தலில் திமுக கொடுத்த வாக்குறுதி. 2022 பிப்ரவரி 19-ல் வாக்குப்பதிவு நடந்த உள்ளாட்சித் தேர்தலில் அதை வைத்தே பிரச்சாரம் ஓடியது. ‘எங்கே அந்த ஆயிரம்?’ என்று அதிமுக கேட்டது, ‘வரும்’ என்று ஆளுங்கட்சி சொன்னது. கடைசியில் 2023 செப்டம்பர் 15-ல்தான் திட்டம் தொடங்கியது, அதுவும் தகுதி வரையறை வைத்துச் சுமார் 1.06 கோடிப் பேருக்கு. கொடுத்தது சரியா தவறா என்பது வேறு விவாதம். எந்த நகராட்சிக்கும் அதில் ஒரு பைசா சம்பந்தம் கிடையாது. ஆனாலும் வார்டு தேர்தலில் பாதிப் பேச்சு அதுதான்.

நகராட்சிக்கு நிஜமாகவே சம்பந்தப்பட்டது சொத்து வரி. மேயர், தலைவர் தேர்தல் 2022 மார்ச் 4-ல் முடிந்தது. ஏப்ரல் 1-ல் சொத்து வரி உயர்வு அறிவிப்பு வந்தது. சென்னையின் பழைய பகுதிகளில் 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 50 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் 150 சதவீதம். மற்ற ஊர்களில் 25-லிருந்து 100 சதவீதம் வரை. ஒரு மாதத்துக்கு முன்னால் வாசலில் வந்து கும்பிட்டவர் எவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் கருத்து இதுதான். உள்ளாட்சித் தேர்தலில் மக்களை ஏமாற்ற பொய்யான தொகை சொல்ல வேண்டியதே இல்லை. தன்னிடம் இல்லாத பணத்தை ‘தருவேன்’ என்பதும், தான் வாங்கப்போகிற பணத்தைப் பற்றி வாயே திறக்காமல் இருப்பதும் போதும். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

தெற்குவீதி:

நோட்டீஸைப் பாதுகாத்து வைத்திருக்கும் அளவுக்குப் பொறுமை உள்ளவர், கதையின் முதல் பாதியையும் சொல்லியிருக்கலாம்.

மத்திய அரசின் 15-வது நிதிக்குழு தெளிவாகச் சொன்னது: சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவித்து, மாநிலப் பொருளாதாரம் வளர்வதற்கு ஏற்ப வசூலையும் உயர்த்தினால்தான் 2022-23 முதல் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு மானியம். உயர்த்தாவிட்டால் டெல்லியிலிருந்து வரும் பணம் நின்றுவிடும். சென்னையில் சொத்து வரிக்குப் பொதுச் சீராய்வு நடந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது, 1998-தான் கடைசி. மற்ற ஊர்களில் 2008. எந்தக் கட்சி இருந்தாலும் ஏற்றித்தான் ஆக வேண்டும்.

அதிமுக இதில் உத்தமர்களா? 2018-ல் அவர்களும்தான் ஏற்றினார்கள். 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் வரப்போகிறது என்றதும், உயர்வை நிறுத்தி வைத்து, கூடுதலாகக் கட்டியதைப் பின்னால் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். டிசம்பர் தொடக்கத்தில் ஊரகத் தேர்தல் அறிவிப்பு வந்தது. தேதியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சிரிப்பு வரும்.

கொங்கு82:

தெற்குவீதி அண்ணே, 2018 உயர்வு உயர்நீதிமன்றம் கேட்டதால் வந்தது, விட்டுவிட்டீர்கள்.

நிதிக்குழு நிபந்தனையைக் கேடயமாகப் பிடிக்கிறீர்கள், சரி. அந்த அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட நாள் 2021 பிப்ரவரி 1. திமுக தேர்தல் அறிக்கை வெளியானது 2021 மார்ச் 13. கொரோனாவால் சரிந்த பொருளாதாரம் சீராகும் வரை சொத்து வரியை உயர்த்த மாட்டோம் என்று அதில் இருந்தது. நிபந்தனை ஊருக்கெல்லாம் தெரிந்து நாற்பது நாள் கழித்துத்தான் அதை எழுதியிருக்கிறார்கள். ஒன்று, நிதிக்குழு அறிக்கையைப் படிக்கவில்லை. இல்லாவிட்டால் படித்தும் எழுதினார்கள். எது என்று நீங்களே சொல்லுங்கள்.

தெற்குவீதி:

நீதிமன்றம் கேட்டு ஏற்றிய வரியை 2019-ல் எந்த நீதிமன்றம் நிறுத்தச் சொன்னது? அதற்குப் பதில் வரட்டும், நான் மார்ச் 13-க்கு வருகிறேன்.

ஓய்வுபெற்ற கணக்கர்:

நான் நகராட்சிகளில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கட்சி சண்டைக்குள் வரவில்லை. பணம் எப்படி வருகிறது என்று தெரியாமல் வாதம் செய்வதால் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கே வருகிறீர்கள்.

நகராட்சிக்குச் சொந்த வருமானம் என்றால் சொத்து வரி, காலிமனை வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, பஸ் ஸ்டாண்டு, சந்தைக் குத்தகை. இரண்டாவது, மாநில நிதிக்குழு மானியம். மாநில அரசின் சொந்த வரி வருவாயில் பத்து சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் பகிரப்படுகிறது. அது முழுதாக நம் கணக்குக்கு வந்து சேராது. குடிநீர் வாரியத்துக்குத் தர வேண்டியது, ஓய்வூதியப் பங்கு என்று மேலேயே பிடித்துக்கொண்டு மீதிதான் வரும். மூன்றாவது, மத்திய நிதிக்குழு மானியம். அதில் ஒரு பெரிய பங்கைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவழிக்க வேண்டும், அந்தப் பங்கில் சாலை போட முடியாது. நான்காவது, திட்ட நிதி. எந்தத் திட்டத்துக்கு வந்ததோ அதற்கு மட்டும்.

இதிலிருந்து சம்பளம், ஓய்வூதியம், தெருவிளக்குக் கரண்டு பில், துப்புரவு ஒப்பந்தம், பழைய கடனுக்குத் தவணை எல்லாம் போன பிறகு, மன்றம் தன் விருப்பப்படி செலவழிக்க மிஞ்சுவது நடுத்தர நகராட்சியில் மிகக் கொஞ்சம். வார்டுக்கு வார்டு பிரித்தால் ஒரு சிறுபாலமும் இரண்டு சந்துக்குப் பேவர் பிளாக்கும் தேறும். இதைத் தெரிந்த வேட்பாளர், ‘என் வார்டுக்கு ஐந்து கோடி’ என்று எழுதினால் அவர் சொல்வது மாநிலத் திட்ட நிதியை. அதை ஒதுக்குவது கோட்டையில். மதிப்பீடு தயாரித்து, நிர்வாக அனுமதி வாங்கி, தொழில்நுட்ப அனுமதி வாங்கி, டெண்டர் விட்டு, ஒர்க் ஆர்டர் கொடுத்து, எம்-புக் (வேலையை அளந்து பதியும் புத்தகம்) எழுதி பில் போடுவதற்குள் பல கவுன்சிலர்களின் பாதிக் காலம் போய்விடும்.

இன்னொன்று. ‘நமக்கு நாமே திட்டத்தில் பூங்கா’ என்று எழுதுவார்கள். அந்தத் திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு பொதுமக்கள் பங்களிப்பு. அந்த ஒரு வாக்கியம் நோட்டீஸில் இருந்து நான் பார்த்ததே இல்லை.

மதுரை மல்லி:

கணக்கர் ஐயா, பாதாளச் சாக்கடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பகுதியில் ‘கொண்டுவந்து காட்டுவோம்’ என்று வேனில் மைக் கட்டிச் சொல்லிவிட்டுப் போனார்கள். வந்தது, நிஜம்தான். கூடவே வீட்டுக்கு வைப்புத்தொகை வந்தது, இணைப்புக்கு நாங்களே பிளம்பர் வைக்க வேண்டியிருந்தது, அப்புறம் மாதக் கட்டணம். தோண்டிய ரோட்டை மூட நெடுங்காலம் ஆனது. திட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை, செப்டிக் டேங்க் லாரிக்குக் கொடுத்த பணத்தை நினைத்தால் இது மேல். ஆனால் ஓட்டுக் கேட்கும்போது ‘இலவசம்’ மாதிரி சொல்லிவிட்டு, பிறகு ரசீதோடு வந்து நிற்பது என்ன மரியாதை?

வாடகைக்கு இருப்பவர்களுக்குச் சொத்து வரி தெரியாது என்று நினைக்கிறார்கள் போல. ஏப்ரலில் வரி ஏறியது, எங்கள் தெருவில் வீட்டுக்காரர்கள் அதைக் காரணம் காட்டியே வாடகையை ஏற்றினார்கள். வரி ஏறியது ஆண்டுக்குச் சில ஆயிரம். வாடகை ஏறியதோ மாதத்துக்குச் சில ஆயிரம்.

ஓய்வுபெற்ற கணக்கர்:

வைப்புத்தொகை விஷயம் நீங்கள் சொல்வது சரிதான் அம்மா. பாதாளச் சாக்கடைத் திட்டங்களின் நிதித் திட்டத்திலேயே மானியம், கடன், பொதுமக்கள் பங்களிப்பு என்று மூன்று கூறு இருக்கும். கடன் நகராட்சி பெயரில், அதை அடைப்பது மாதக் கட்டணத்திலும் வரியிலும்தான். திட்ட அறிக்கை தயாராகும் நாளிலேயே இது எல்லாருக்கும் தெரியும். மேடையில் திட்ட மதிப்பு மட்டும் சொல்வார்கள்.

கொங்கு82:

குப்பைக்கும் இதே கதைதான். சென்னையில் 2021 ஜனவரி முதல் வீட்டுக்கு மாதம் 10 ரூபாயிலிருந்து 100 ரூபாய் வரை கட்டணம் என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு வந்தது, சட்டமன்றத் தேர்தல் பக்கத்தில் இருந்தது, உடனே நிறுத்தினார்கள். அப்போது ஆட்சியில் இருந்தது நான் ஓட்டுப் போட்ட கட்சி, இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. 2019-க்கும் இதுதான் பதில் அண்ணே. தேர்தலுக்காகத்தான் நிறுத்தினார்கள். இப்போது மார்ச் 13-க்கு வாருங்கள்.

தெற்குவீதி:

வருகிறேன். ‘பொருளாதாரம் சீராகும் வரை’ என்ற வார்த்தை அதில் இருக்கிறது, முழுமையாக ஏற்றவே மாட்டோம் என்று இல்லை. அது சமாளிப்பு என்று நீங்கள் சொல்வீர்கள், கொஞ்சம் சமாளிப்புதான். ஆனால் அம்மா உணவகத்தை மறந்துவிட்டீர்கள். அதைச் சென்னை மாநகராட்சி 2013-ல் தொடங்கியது. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய். பெயர் முதலமைச்சருக்கு, நஷ்டம் மாநகராட்சிக் கணக்கில். மேலிடம் வாயால் வாக்குறுதி கொடுத்து மாநகராட்சியைச் செலவு செய்ய வைத்தது அப்போதே ஆரம்பித்தது.

கொங்கு82:

ஏழைக்கு இட்லி போட்டதைக் குற்றப் பட்டியலில் சேர்த்துவிட்டீர்களே! தொழிலாளி காலையில் பத்து ரூபாயில் வயிறு நிறைந்து வேலைக்குப் போனான். அந்த நஷ்டத்தைப் பற்றிப் பேசும் நீங்கள்...

நெறியாளர்:

இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். அம்மா உணவகம் நல்லதா இல்லையா என்பதற்குத் தனி இழை இருக்கிறது. இங்கே கேள்வி, உள்ளாட்சித் தேர்தலில் சொல்லப்படும் செலவு வாக்குறுதிகள்.

வலிகாமம்:

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். உங்கட கதையை வாசிக்க எங்கட கதை மாதிரியே கிடக்கு.

எங்களுக்கு 2018-க்குப் பிறகு உள்ளூராட்சித் தேர்தலே நடக்கவில்லை. 2023 மார்ச் 9-க்குத் தேதி குறித்தார்கள், திறைசேரியில் காசு இல்லை என்று தள்ளிப் போட்டார்கள். அது மக்களின் அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் (உங்கட உச்ச நீதிமன்றம் மாதிரி) தீர்ப்புச் சொன்னது. கடைசியில் 2025 மே 6-ல் வாக்களித்தோம்.

அந்தப் பிரச்சாரத்தில் பெரிய சர்ச்சை எது தெரியுமா? ஏப்ரலில் மன்னார்க் கூட்டத்தில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க சொன்னது. தன் கட்சியான தேசிய மக்கள் சக்தி வெல்கிற சபையிலிருந்து திட்டம் வந்தால் உடனே காசு ஒதுக்கலாம், மற்றவர்கள் அனுப்பினால் பத்துத் தடவை யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்ற பொருளில் பேசினார். ஊழல் இல்லாத கையில்தான் காசு போக வேண்டும் என்பது அவர்கள் கொடுத்த விளக்கம். எதிர்க்கட்சிகள் இதை மிரட்டல் என்றன. நானும் அப்படித்தான் பார்க்கிறேன். வரிசெலுத்துபவர் எல்லாரும் கொடுத்த காசு, எந்தச் சின்னத்துக்குப் புள்ளடி போட்டோம் என்று பார்த்தா வரவேண்டும்?

ஆனால் எங்கட தமிழ்க் கட்சிகளும் சளைத்தவை இல்லை. பிரதேச சபைக்கு ஆதனவரி (உங்கட சொத்து வரி), சந்தை வருமானம், கழிவகற்றல், வீதி விளக்கு, சின்ன ஒழுங்கைகள் என்றுதான் வேலை. பிரச்சாரத்தில் கதைத்தது முழுக்கக் காணி விடுவிப்பும் தேசியப் பிரச்சினையும். குப்பை எங்கே கொட்டுவது என்று கேட்டால் பதில் இல்லை. காசு பற்றி ஒரு வாக்குறுதியும் தராததால் அவர்கள் பொய் சொன்னதாகச் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

வரிகட்டி:

வலிகாமம், இந்த ‘எங்கள் ஆள் வந்தால்தான் நிதி’ என்பது இங்கேயும் தினப்படி வசனம். 2022-ல் ஆளுங்கட்சிக் கூட்டணி 21 மாநகராட்சிகளையும் பிடித்ததற்கு அந்த நினைப்பும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன். கணக்கர் ஐயா, ஒரு கேள்வி. எதிர்க்கட்சி கவுன்சிலர் வந்தால் நிஜமாகவே பணம் குறையுமா?

ஓய்வுபெற்ற கணக்கர்:

மாநில நிதிக்குழு மானியம் சூத்திரப்படி வருவது. மக்கள்தொகை போன்ற அளவுகோல்தான், யார் ஜெயித்தார் என்று பார்க்காது. மத்திய நிதிக்குழு மானியமும் அப்படியே. அந்த அளவில் இந்த வசனம் பொய்.

திட்ட நிதியில் நிலைமை வேறு. எந்த ஊருக்கு முதலில் அனுமதி என்பதில் அமைச்சர், எம்.எல்.ஏ. விருப்பம் இருக்கும். மன்றத்துக்குள்ளும் எந்த வார்டு வேலை முதலில் கூட்டப்பொருளில் ஏறுகிறது என்பதில் தலைவர் விருப்பம் இருக்கும். ஆக, அந்த வசனம் பாதி பொய், பாதி மிரட்டல். முழுப் பொய்யாக இருந்தால் மக்கள் எப்போதோ சிரித்திருப்பார்கள்.

நிஜமாகவே நிதி நின்றது எப்போது என்றால், தேர்தலே நடக்காதபோது. 2016 அக்டோபரில் நடக்க இருந்த தேர்தல் ரத்தாகி, நகரங்களில் 2022 வரை தனி அலுவலர் ஆட்சி. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்று மத்திய மானியம் நிறுத்தி வைக்கப்பட்டது. அந்தப் பணத்தைப் பற்றி எந்தக் கட்சியும் வார்டு நோட்டீஸில் எழுதவில்லை.

தேம்ஸ் நதி:

பிரிட்டனில் ஸ்லவ் ஊரில் இருக்கிறேன். சுருக்கமாக ஒரு உதாரணம். 2023 மே உள்ளாட்சித் தேர்தலுக்கு லேபர் கட்சியின் பிரச்சாரத்தை மார்ச் 30-ல் ஸ்விண்டனில் அதன் அப்போதைய தலைவர் கீர் ஸ்டார்மர் தொடங்கினார். நாங்கள் ஆட்சியில் இருந்தால் இந்த வருடம் கவுன்சில் வரியை (இங்கே வீடுகளுக்கு உள்ளாட்சி போடும் வரி) உயர்த்தவே விட மாட்டோம், எண்ணெய் எரிவாயு நிறுவனங்களின் கொள்ளை லாபத்தில் வரி போட்டு அதை ஈடுகட்டுவோம் என்றார். அந்தத் தேர்தலில் லேபர் எத்தனை கவுன்சிலை ஜெயித்தாலும் அது நடக்காது, ஏனென்றால் நாட்டை ஆண்டது கன்சர்வேட்டிவ் கட்சி. அதே வசந்தத்தில் லேபர் கவுன்சில்கள் தங்கள் ஊரில் வரியை உயர்த்தித்தான் இருந்தன. எங்கள் ஸ்லவ் கவுன்சில் 2021-ல் கையில் காசில்லை என்று அறிவித்த ஒன்று, அதுவும் லேபர் கையில்தான் இருந்தது. அங்கே அந்த வருடம் சுமார் பத்து சதவீத வரி உயர்வு. தேர்தலில் பெரும்பான்மையை இழந்தார்கள்.

கன்சர்வேட்டிவ் யோக்கியமா என்றால், அவர்கள் நடத்திய தர்ரக் கவுன்சிலும் சூரியசக்தி முதலீட்டில் கோடிகளைத் தொலைத்து வரியை அதே பத்து சதவீதம் உயர்த்தியது.

புதுவாக்காளர்:

எனக்கு அடுத்த உள்ளாட்சித் தேர்தல்தான் முதல் உள்ளாட்சித் தேர்தல். நோட்டீஸில் இப்படி எழுதுவதைத் தேர்தல் ஆணையம் கேட்கவே கேட்காதா?

வரிகட்டி:

தம்பி, ஒரு வழக்கு இருக்கிறது, அதுவும் நம் ஊர் வழக்கு. மிக்சி, கிரைண்டர், டிவி வாக்குறுதிகளை எதிர்த்து சுப்பிரமணியம் பாலாஜி தொடுத்த வழக்கில் 2013 ஜூலை 5-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாக்குறுதி தருவது சட்டப்படி லஞ்சம் ஆகாது, ஆனால் தேர்தல் அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்க வேண்டும் என்று இந்தியத் தேர்தல் ஆணையத்துக்குச் சொன்னது. ஆணையம் நடத்தை விதிகளில் சேர்த்தது. வாக்குறுதிக்கான காரணத்தையும், பணத்துக்கு வழி என்ன என்பதையும் பொதுவாகச் சொல்ல வேண்டும், நிறைவேற்றக்கூடியதையே சொல்ல வேண்டும் என்று. 2022 அக்டோபரில் செலவு விவரத்துக்கு ஒரு படிவமே கொண்டுவரலாமா என்று கட்சிகளைக் கேட்டது, கட்சிகள் பெரிதாக ஆர்வம் காட்டவில்லை.

ஆனால் உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது அந்த ஆணையம் இல்லை, மாநிலத் தேர்தல் ஆணையம். தவிர, வார்டு வேட்பாளர் தருவது தேர்தல் அறிக்கையே இல்லை. இரண்டு பக்க நோட்டீஸ், வேனில் ஓடும் பதிவு, வாட்ஸ்அப் படம். யார் எதைச் சரிபார்ப்பது?

புதுவாக்காளர்:

அப்படியானால் நான் எதைப் பார்த்து ஓட்டுப் போடுவது? ஆள் நல்லவரா என்று மட்டுமா?

ஓய்வுபெற்ற கணக்கர்:

உங்கள் நகராட்சியின் வரவு செலவுத் திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். மன்றத்தில் வைத்த ஆவணம், ரகசியம் கிடையாது. தரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு மனு போடலாம். அதில் மூன்று இடம் பாருங்கள்: சொத்து வரியில் கேட்பு (அந்த ஆண்டு வர வேண்டிய தொகை) எவ்வளவு, வசூல் எவ்வளவு, பழைய நிலுவை எவ்வளவு. நிலுவைப் பட்டியலின் மேலே பெரும்பாலும் சாதாரண வீடுகள் இருக்காது. மண்டபம், வணிக வளாகம், அரசு அலுவலகக் கட்டடங்கள்கூட இருக்கும். பிறகு கடன் தவணை. வேட்பாளர் வாசலுக்கு வந்தால், ‘இந்த நிலுவையை வசூலிப்பீர்களா’ என்று கேளுங்கள். பாதிப் பேர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். நிலுவை வைத்திருப்பவர்தான் அவருக்கு வேன் கொடுத்திருப்பார்.

தெற்குவீதி:

ஐயா சொல்வது நல்ல யோசனை. ஆனால் இழை தொடங்கியவரிடம் ஒன்று கேட்க வேண்டும். ‘வெற்றி பெற்றால் சொத்து வரியை ஏற்றுவேன்’ என்று உண்மையைச் சொல்லி ஒருவர் நின்றால், நீங்கள் ஓட்டுப் போடுவீர்களா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

வரிகட்டி:

எவ்வளவு ஏற்றுவேன், அந்தப் பணம் எந்த வேலைக்கு, பெரிய நிலுவைக்காரர்களிடம் முதலில் வசூலித்த பிறகா முன்னாலா என்று சொன்னால் போடுவேன். கட்சி எதுவானாலும்.

மதுரை மல்லி:

நான் போட மாட்டேன். உண்மை சொன்னதற்காக ஒருவருக்கு ஓட்டுப் போட்டு, அப்புறம் அதைச் சொல்லி வீட்டுக்காரர் வாடகையை ஏற்ற, அதையும் நானே கட்டுவதா? வரியை ஏற்றும்போது வாடகைக்கு இருப்பவர்களுக்கு என்ன செய்வார் என்றும் அவர் சேர்த்துச் சொல்லட்டும், பிறகு பார்க்கலாம்.